'ஜெட் வாங்கிக் கொடு' என்கிறான் மகன்... ரிமோட்டைக் கையில் கொடுக்கும் முன் என்னவெல்லாம் தெரிந்திருக்க வேண்டும்?

இந்தப் பகுதிக்கு வரும் கேள்விகளில் பாதி சமையலறையிலிருந்து வரும். மீதிப் பாதி பேங்க் லோன். போன மாதம் மந்தைவெளியிலிருந்து ஓர் அம்மா அனுப்பிய வாய்ஸ் நோட் இரண்டிலும் சேரவில்லை.

"தம்பி, என் பையன் காலேஜ் செகண்ட் இயர். ரிமோட்ல பறக்குற ஜெட் விமானம் வேணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறான். நிஜ ஜெட் மாதிரியே உள்ள என்ஜின் இருக்காம். அவங்க அப்பா விட்டுட்டுப் போன பணம் கொஞ்சம் இருக்கு. அதுல வாங்கித் தரலாமான்னு யோசிக்கிறேன். இது பொம்மையா, ஆபத்தா? கொஞ்சம் விசாரிச்சுச் சொல்லுப்பா."

'அப்பா விட்டுட்டுப் போன பணம்' என்ற இடத்தில் அந்த அம்மா சின்னதாக ஒரு மூச்சு விட்டது வாய்ஸ் நோட்டில் கேட்டது. கூகுளில் இரண்டு லிங்க் தேடி அனுப்பிவிட்டு அடுத்த வேலைக்குப் போக மனசு வரவில்லை. மூன்று ஞாயிற்றுக்கிழமைகளை இதற்கே கொடுத்தேன்.

முதலில் அது என்ன பொருள் என்று பார்த்துவிடலாம். 'ஆர்.சி ஜெட்' என்ற பெயரில் இரண்டு வகை விற்கிறது. ஒன்று, பேட்டரியில் ஓடும் சின்ன விசிறியைக் குழாய்க்குள் வைத்தது. இதை 'இ.டி.எஃப்' என்பார்கள். பார்க்க ஜெட்தான், ஆனால் உள்ளே இருப்பது ஃபேன். இன்னொன்று நிஜமாகவே டர்பைன். காற்றை உறிஞ்சி, அழுத்தி, எரிபொருள் கலந்து எரித்து, பின்னால் தள்ளும் குட்டி ஜெட் என்ஜின். பெரிய விமானத்தின் தத்துவமேதான். ஃப்ளாஸ்க் அளவுள்ள அந்த உருளை முழு வேகத்தில் நிமிடத்துக்கு 1 லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும். பின்னால் வரும் புகைக்காற்றின் சூடு 600 டிகிரி செல்சியஸைத் தாண்டும். மந்தைவெளிப் பையன் கேட்பது இதைத்தான்.

எரிபொருள் என்ன தெரியுமா? நம் பாட்டிகள் ரேஷன் கடை வரிசையில் கேனோடு நின்று வாங்கிய அதே மண்ணெண்ணெய். அதில் சுமார் 5 சதவிகிதம் டர்பைன் ஆயில் கலப்பார்கள். உள்ளே சுழலும் பேரிங்குகளுக்குத் தனி ஆயில் கிடையாது. எரிபொருளோடு போகும் அந்த ஆயில்தான் உயவு. நடுத்தர என்ஜின் ஒன்று முழு வேகத்தில் நிமிடத்துக்கு 300 மில்லிக்கு மேல் குடித்துவிடும் என்பதால் ஒரு தடவை பறப்பது 6 முதல் 8 நிமிடம். அவ்வளவுதான் ஆட்டம்!

இவ்வளவு சின்ன டர்பைன் வேலை செய்யாது என்றுதான் ஒருகாலத்தில் பலரும் நினைத்தார்கள். ஜெர்மனியின் கர்ட் ஷ்ரெக்லிங் என்ற ஆர்வலர் வீட்டுப் பட்டறையில் அதைச் செய்து காட்டினார். காற்றை அழுத்தும் சக்கரத்தை அவர் செய்தது பிளைவுட்டில். ஆமாம், நம் வீட்டு அலமாரிக்குப் போடுகிற பிளைவுட். அந்த டிசைன் 1990-களில் புத்தகமாக வந்தபிறகு வீட்டிலேயே டர்பைன் கட்டுகிற கூட்டம் பெருகியது. இப்போது அந்த வேகம் எங்கே வந்து நிற்கிறது என்றால், 2017 செப்டம்பரில் ஜெர்மனியின் பாலன்ஸ்டெட்டில் நீல்ஸ் ஹெர்ப்ரிச் என்பவர் தன் ரிமோட் ஜெட்டை மணிக்கு 749 கிலோமீட்டரில் ஓட்டி கின்னஸ் சாதனை செய்தார். ப்ரொப்பெல்லர் வைத்த சின்ன பயணிகள் ஃப்ளைட் போகிற வேகத்தைவிட அதிகம். கீழே தரையில் நின்றுகொண்டு, இரண்டு கட்டை விரல்களால்.

அந்தக் கட்டை விரல்களைத் தேடித்தான் மயிலாப்பூர் போனேன்.

சித்திரைக்குளம் பக்கம் ஒரு பழைய மாடி வீடு. அந்த சார் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். பல வருடம் என்.சி.சி விமானப் பிரிவு மாணவர்களுக்கு ஏரோமாடலிங் சொல்லிக்கொடுத்திருக்கிறார். "பேரெல்லாம் போடாதேப்பா, அப்புறம் பசங்க வாசல்ல வந்து நிப்பாங்க. எனக்கு முட்டி வலி" என்றார். மாடியில் பால்சா மரப் பலகை, பசை வாசனை, கொடிக்கயிற்றில் துண்டுக்குப் பக்கத்தில் தொங்கும் ஒரு இறக்கை. நான் ஜெட் பற்றிக் கேட்க ஆரம்பித்ததும் லேப்டாப்பைத் திறந்து சிமுலேட்டரைப் போட்டார். நிஜ ரிமோட்டையே கம்ப்யூட்டரில் மாட்டிப் பழகும் மென்பொருள் அது.

"ஓட்டு."

விமானம் மேலே ஏறியது. எனக்கே பெருமையாக இருந்தது. என்னைத் தாண்டிப் போய்த் திரும்பியது. திரும்பி என்னை நோக்கி வந்தது. இடது பக்கம் சாய்ந்ததை நிமிர்த்த வலது பக்கம் தள்ளினேன். அது இன்னும் சாய்ந்தது. இன்னும் தள்ளினேன். டமால். 11 விநாடி.

"இதுதான் முதல் பாடம்" என்றார். ரிமோட் விமானத்தில் எல்லோரும் தடுக்கி விழும் இடம் இது. விமானம் உங்களை விட்டு விலகிப் போகும்வரை அதன் வலதும் உங்கள் வலதும் ஒன்று. உங்களை நோக்கித் திரும்பிவிட்டால் எல்லாம் கண்ணாடியில் பார்ப்பதுபோல மாறிவிடும். நிஜ பைலட் உள்ளே உட்கார்ந்திருப்பதால் அவருக்கு இந்தத் தொல்லையே இல்லை. அதனால் நிஜ விமானம் ஓட்டத் தெரிந்தவர்கள்கூட ரிமோட்டில் முதல் நாள் திணறுவது உண்டு.

இதற்கு அவர் ஒரு வழி சொன்னார். "விமானம் உன்னைப் பார்த்து வரும்போது எந்த இறக்கை தாழ்ந்திருக்கோ, அந்தப் பக்கமே ஸ்டிக்கைத் தள்ளு. தாழ்ந்த இறக்கைக்கு முட்டுக் கொடுக்குற மாதிரி நினைச்சுக்கோ." மறுபடி முயன்றேன். 40 விநாடி தாங்கியது. முட்டுக் கொடுப்பது என்ற அந்த ஒரு வார்த்தை நான் யூடியூபில் பார்த்த ஏழெட்டு வீடியோக்களைவிட உதவியது. ஆனால், யோசித்துச் செய்கிறவரை அது வித்தை இல்லை என்பதையும் சேர்த்துச் சொன்னார். சைக்கிள் ஓட்டும்போது எந்தப் பக்கம் சாய்வது என்று யாராவது யோசிக்கிறோமா? விரலுக்கு அப்படி ஆக வேண்டும். அதற்கு மாதக்கணக்கு ஆகும்.

ஜெட்டில் ஏன் இது உயிர்ப் பிரச்னை? கணக்கு போட்டுப் பாருங்கள். மணிக்கு 250 கிலோமீட்டர் என்பது நொடிக்குக் கிட்டத்தட்ட 70 மீட்டர். சேப்பாக்கத்தில் பேட்ஸ்மேன் காலடியிலிருந்து பவுண்டரி கயிறு வரை ஒரு நொடி. "எது இடது?" என்று நீங்கள் யோசிக்கிற இரண்டு நொடியில் அது ஒரு சின்னத் தெருவைத் தாண்டியிருக்கும். கொஞ்சம் தள்ளிப் போனாலே மைனா அளவுக்குத் தெரியும். அதற்கும் மேலே போனால் அது வருகிறதா, போகிறதா என்றே புரியாது. அதனால்தான் ஜெட்டின் அடிப்பகுதிக்கும் மேல்பகுதிக்கும் வேறு வேறு நிறம் அடிக்கிறார்கள். நான் அழகுக்கு என்று நினைத்திருந்தேன்.

இரண்டாவது விஷயம், ஜெட்டுக்குக் 'காது' கொஞ்சம் மந்தம். ப்ரொப்பெல்லர் விமானத்தில் த்ராட்டிலைத் தள்ளினால் உடனே இழுக்கும். டர்பைன் அப்படி இல்லை. நிமிடத்துக்கு 30,000 சொச்சம் சுற்றில் சும்மா ஓடிக்கொண்டிருப்பது முழு வேகத்துக்கு வர மூன்று நான்கு நொடி எடுத்துக்கொள்ளும். சட்டென்று எரிபொருளைக் கொட்டினால் என்ஜின் அணைந்துவிடும் அல்லது அளவுக்கு மீறிச் சூடாகும் என்பதால் உள்ளே இருக்கும் குட்டிக் கம்ப்யூட்டரே மெதுவாகத்தான் ஏற்றும். இன்னொன்றும் உண்டு. ப்ரொப்பெல்லர் இருந்தால் அதன் காற்று வாலின் மேல் அடித்துக்கொண்டே இருக்கும். வேகம் குறைந்தாலும் வால் ஓரளவு பேச்சைக் கேட்கும். ஜெட்டில் அந்தக் காற்று கிடையாது. விமானம் ஓடுகிற வேகம் மட்டும்தான் இறக்கைக்கும் வாலுக்கும் சோறு. வேகம் போனால் எல்லாம் போச்சு.

இந்த இரண்டும் சேர்ந்து கழுத்தைப் பிடிக்கும் இடம், தரையிறக்கம்.

சார் இதைச் சொல்லும்போது கையை விமானம்போல வைத்துக்கொண்டு ஹாலின் நீளத்துக்கு நடந்தார். ஜெட் இறங்கும்போது நொடிக்கு 20 மீட்டர் போல வரும். 'ஐயோ, தாழ்ந்துட்டோமே' என்று கடைசியில் உணர்ந்து த்ராட்டிலைத் தள்ளினால், சக்தி வருவதற்குள் 80 மீட்டர் ஓடியிருக்கும். அதற்குள் தரை வந்துவிடும். ஆகவே, தேவைப்படுவதற்கு நான்கு நொடி முன்பே த்ராட்டிலைத் தொட வேண்டும். பழகாத கைகள் அங்கே இன்னொரு தப்பைச் செய்யும். தாழ்கிறதே என்று மூக்கைத் தூக்கும். மூக்கு தூக்கினால் வேகம் குறையும், ஒரு இறக்கை முதலில் காற்றின் பிடியை இழக்கும், விமானம் அந்தப் பக்கமாகப் புரண்டு விழும். சரி, வேகமாகவே வரலாம் என்றால் அதுவும் ஆகாது. த்ராட்டிலைக் குறைத்தால் ப்ரொப்பெல்லர் ஒரு பிரேக் மாதிரி வேலை செய்யும். டர்பைனோ சும்மா இருக்கும்போதும் மெல்லத் தள்ளிக்கொண்டே இருக்கும். ஓடுபாதை முடிந்த பிறகும் ஓடும். ஃப்ளாப்பை எப்போது இறக்குவது, எந்த இடத்தில் திரும்புவது, எந்த உயரத்தில் கைவிட்டு 'இன்னொரு சுற்று' போவது... இவை எல்லாம் ஏறுவதற்கு முன்பே மனதில் இருக்க வேண்டும்.

"ஏத்துறது யார் வேணா ஏத்தலாம். இறக்குறவன்தான் பைலட்" என்று சார் சொன்னபோது எனக்கு லக்ஷ்யா ஞாபகம் வந்தது. நம் ராணுவம் குறிபார்த்துச் சுடப் பழகுவதற்காக டி.ஆர்.டி.ஓ-வின் பெங்களூரு ஆய்வகம் உருவாக்கிய ஆளில்லா ஜெட். ஹெச்.ஏ.எல் செய்த பி.டி.ஏ.இ-7 என்ஜின். ராக்கெட் உதவியோடு கிளம்பும் அதை இறக்குவதற்கு ஓடுபாதையே தேடவில்லை. வேலை முடிந்ததும் பாராசூட் விரிந்து கடலில் இறங்கிவிடும்! நம் மந்தைவெளிப் பையனுக்கு அந்த வசதி இல்லை.

தரையில் நிற்கும்போது செய்யும் வேலைகளும் குறைச்சல் இல்லை. டர்பைனைக் கிளப்பும்போது கையெட்டும் தூரத்தில் கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பான் இருந்தே ஆக வேண்டும். முதல் முயற்சியில் பற்றாமல் உள்ளே தேங்கிய எரிபொருள் அடுத்த முயற்சியில் குபீரென்று பின்னால் ஜுவாலையாக வரும். பின்பக்கம் யாரும் நிற்கக் கூடாது. இறங்கியதும் அணைத்துவிட்டுக் கிளம்பவும் முடியாது. உள்ளே சூடு 100 டிகிரிக்குக் கீழே வரும்வரை ஸ்டார்ட்டர் மோட்டார் விட்டு விட்டுச் சுழன்று குளிர வைக்கும். அதுவரை பேட்டரியைக் கழற்றினால் பேரிங் காலி. ரிமோட் சிக்னல் அறுந்தால் என்ஜின் தானாக அணையும்படி 'ஃபெயில்சேஃப்' அமைத்திருக்கிறோமா என்பதை ஒவ்வொரு நாளும் தரையிலேயே சோதிக்க வேண்டும். சார் ஒரு பழைய நாற்பது பக்க நோட்டைக் காட்டினார். ஒவ்வொரு முறை பறக்கவிட்ட தேதியும் காற்றும் தப்பும் பேனாவில் எழுதியிருந்தன. ஒரு பக்கத்தில், "இன்று பறக்கவிடவில்லை. தூக்கம் சரியில்லை" என்று மட்டும் இருந்தது.

சரி, இதையெல்லாம் எங்கே பழகுவது? தென்சென்னைக்காரர்களுக்கு இதுதான் கசப்பான பகுதி. "பெசன்ட் நகர் பீச்சுல விடலாமே" என்று எல்லோருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. இரண்டு வருடம் முன்பு ஆன்லைனில் வாங்கிய ஒரு தெர்மாகோல் விமானத்தோடு சாயங்காலம் போனேன். கடல்காற்று அதைத் தூக்கிக்கொண்டு போய் சுண்டல் வண்டிக்கு இரண்டடி தள்ளிச் செருகியது. வண்டிக்காரர் அண்ணன் திட்டிய திட்டு நியாயமானது. பக்கத்தில் ஒரு குழந்தை மணலில் உட்கார்ந்திருந்தது. என்னுடையது அரை கிலோகூட இல்லை. அதுவே பத்து கிலோ எடையும் இரண்டு லிட்டர் மண்ணெண்ணெயுமாக வந்திருந்தால்? அதன்பிறகு நான் அதைத் தொடவில்லை. டர்பைனுக்கு பீச் ஆகாது என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அது வாக்குவம் கிளீனர் மாதிரி உறிஞ்சும். மணல் உள்ளே போனால் என்ஜின் பேரீச்சம்பழத்துக்குத்தான். சமமான, சுத்தமான, நீளமான தார் அல்லது கான்கிரீட் பாதை வேண்டும்.

சட்டமும் இருக்கிறது. 2021 ட்ரோன் விதிகள் ரிமோட் விமானங்களுக்கும் பொருந்தும். பொழுதுபோக்குக்கும் படிப்புக்கும் பயன்படும் மாடல் விமானம் என்றால் மொத்த எடை 25 கிலோவைத் தாண்டக் கூடாது, கண்பார்வைக்குள்ளேயே பறக்க வேண்டும். பச்சை மண்டலத்தில் 400 அடி வரைதான். விமான நிலையச் சுற்றுச்சுவரிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் அதுவும் 200 அடியாகக் குறையும். மயிலாப்பூர், தி.நகர், அடையாறு எல்லாமே மீனம்பாக்கத்தின் 12 கிலோமீட்டர் வட்டத்துக்குள்தான் வருகின்றன. நந்தனம் சிக்னலில் நிற்கும்போது தலைக்கு மேலே பார்த்தாலே இது புரியும். எந்த இடம் எந்த நிறம் என்பதை மத்திய அரசின் 'டிஜிட்டல் ஸ்கை' வரைபடத்தில் பார்த்துவிட்டுத்தான் எதையும் எடுக்க வேண்டும். லாப நோக்கம் இல்லாமல் 2 கிலோ வரை பறக்கவிட ரிமோட் பைலட் சான்றிதழ் தேவையில்லை. டர்பைன் ஜெட்டுகள் பெரும்பாலும் அந்த எடைக்குள் அடங்காது. 2022 பிப்ரவரியிலிருந்து வெளிநாட்டு ட்ரோன்களை முழுதாக இறக்குமதி செய்யத் தடை இருக்கிறது, உதிரி பாகங்களுக்குத் தடை இல்லை. 'வெளிநாட்டு சைட்டில் சேல் போட்டிருக்கான்' என்று முழு ஜெட்டுக்கு ஆர்டர் போடும் முன் இதை விசாரிக்காவிட்டால் பணம் கஸ்டம்ஸில் மாட்டிக்கொள்ளும்.

ஊருக்குள் இடமில்லாதது புதிய கதையும் இல்லை. 1910-ல் மவுன்ட் ரோடு ஹோட்டல் முதலாளி டி'ஏஞ்சலிஸ், சிம்சன் கம்பெனியில் ஒரு விமானத்தைக் கட்டிப் பறக்கப் போனது பல்லாவரத்துக்குத்தான்.

பல்லாவரத்துக்கு அடுத்த குரோம்பேட்டையில்தான் நம் ஊரின் முறையான வழியும் இருக்கிறது. அப்துல் கலாம் விமானப் பொறியியல் படித்த எம்.ஐ.டி வளாகம். அஜித் ரசிகர்கள் இந்த இடத்துக்காகத்தான் இவ்வளவு நேரம் பொறுமையாக இருந்திருப்பீர்கள். 2018-ல் அங்குள்ள 'தக்ஷா' மாணவர் குழு அவரை ஆலோசகராகவும் டெஸ்ட் பைலட்டாகவும் சேர்த்துக்கொண்டது. அதே ஆண்டு ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில், தொலைதூர இடத்திலிருந்து மருத்துவ மாதிரியை ஆளில்லா விமானத்தில் எடுத்துவரும் போட்டியில் அந்தக் குழு இரண்டாம் இடம் பிடித்தது. சினிமா நடிகரை போட்டோவுக்காக அழைத்தார்கள் என்று அப்போது சிலர் கிண்டல் செய்தார்கள். அவர் அதற்குப் பல வருடம் முன்பிருந்தே ரிமோட் விமானங்களை ஓட்டிப் பழகியவர் என்பது அவர்களுக்குத் தெரியவில்லை. கல்லூரிப் பிள்ளைகளுக்கு வேறு கதவுகளும் உண்டு. என்.சி.சி விமானப் பிரிவில் ஏரோமாடலிங் பயிற்சியிலேயே ஒரு பகுதி. ஐ.ஐ.டி மெட்ராஸின் 'சாஸ்த்ரா' விழாவில் ரிமோட் விமானப் போட்டிகள் நடந்திருக்கின்றன. அங்கெல்லாம் இருக்கும் பெரிய லாபம் கோப்பை இல்லை, பக்கத்தில் நிற்கும் சீனியர். இரண்டு ரிமோட்டுகளை இணைத்து, கைமீறினால் சீனியர் ஒரு பட்டனில் வாங்கிக்கொள்ளும் வசதி இருக்கிறது. டிரைவிங் ஸ்கூல் காரில் மாஸ்டர் காலடியில் இருக்கும் பிரேக் மாதிரி.

மூன்றாவது ஞாயிறு அந்த அம்மாவின் வீட்டுக்கே போனேன். பையனும் இருந்தான். முதலில் முறைத்தான். நான் வேண்டாம் என்று சொல்ல வந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பான். சார் சொன்ன வரிசையை அப்படியே சொன்னேன். மூன்று மாதம் சிமுலேட்டர். பிறகு இறக்கை மேலே இருக்கும் ஃபோம் பயிற்சி விமானம். அது சலித்த பிறகு இறக்கை கீழே இருக்கும் வேகமானது. அதற்கப்புறம் பேட்டரி விசிறி ஜெட். இவை எல்லாவற்றிலும் காற்றடித்தாலும் இறக்க முடிகிறது என்றால் டர்பைனைப் பற்றிப் பேசலாம், அதுவும் ஏற்கெனவே டர்பைன் ஓட்டும் ஒருவர் பக்கத்தில் நின்றால். அமெரிக்காவிலும் மாடல் விமானச் சங்கம் தனியாகச் சோதித்து அனுமதி கொடுத்த பிறகுதான் டர்பைன்.

"எவ்வளவு நாள் ஆகும்ணா?" என்றான்.

"ரெண்டு வருஷம். ஒழுங்கா பண்ணா."

"அப்போ நான் டிகிரியே முடிச்சுடுவேன்."

அம்மா உள்ளேயிருந்து காபியோடு வந்தார். "அப்போ பணம் பேங்க்லயே இருக்கட்டுமா தம்பி?" என்றார். சிமுலேட்டருக்கும் ஒரு நல்ல ரிமோட்டுக்கும் மட்டும் எடுங்கள், ரிமோட் கடைசிவரை கூட வரும் என்றேன். மீதிக்கு ஓர் ஆண்டு டெபாசிட் போட்டுவிட்டதாக மறுநாள் மெசேஜ் வந்தது.

பையன் இப்போது சார் வீட்டு மாடிக்குச் சனிக்கிழமை சாயங்காலம் போகிறான். முட்டி வலிக்காரர் ஒரே ஒருவருக்கு மட்டும் கதவைத் திறந்திருக்கிறார். அவனும் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கியிருக்கிறான். நேற்று ராத்திரி அதன் முதல் பக்கத்தை போட்டோ எடுத்து அனுப்பினான்: 'விழுந்தது 46. இறக்கியது 3.'